செயற்குறிப் புணரியல்

பாயிரம்

ஆறாம் வகுப்புக் கரும்பலகையில் ஒரு + வருகிறது. பூ + கொடி = பூங்கொடி, பொன் + குடம் = பொற்குடம், மரம் + வேர் = மரவேர் என்று எழுதிவிட்டுத் தமிழாசிரியர் போகிறார். அடுத்த பீரியடுக்குக் கணக்கு வாத்தியார் வந்து, அழிக்காமல் விட்ட அந்த வரிகளுக்குக் கீழேயே 7 + 5 = 12 என்று போடுகிறார். "சார், போன பீரியடில் இந்தக் குறி வேறு வேலை பார்த்ததே" என்று ஒரு பிள்ளையும் கேட்பதில்லை. சில ஆண்டு கழித்து மேல்நிலை வகுப்பின் கணினி அறிவியல் பாடநூல், ‘செயற்குறி பணிமிகுப்பு’ என்று தலைப்பிட்டு, ஒரே குறிக்குப் பல வேலை தரலாம் என்று சொல்லும்போதுதான் அதே பிள்ளைகள் திகைக்கிறார்கள். பிறகு, மதிப்பெண் உண்டு என்பதால் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்.

அத்திகைப்பைத் தீர்க்க எழுந்தது இவ்வியல். பாயிரம் என்று வைத்துவிட்டால் சில செய்திகளைச் சொல்லியே ஆகவேண்டும். நுதலிய பொருள்: ஐ.டி. அலுவலகங்களில் ஆபரேட்டர் ஓவர்லோடிங் என வழங்குவது. எல்லை: வடக்கே அல்கால் 68, தெற்கே பைத்தான். வழி: பெரும்பாலும் பெல் ஆய்வுக்கூடத்து வழி, வகைப்படுத்தும் முறை மட்டும் நம் புணர்ச்சி இலக்கணத்தின் வழி. கேட்போர்: பிறர் எழுதிவிட்டு வேலை மாறிப் போன நிரலைத் திருத்திக்கொண்டிருப்போர். பயன்: கோபம் உரிய இடத்தில் விழுதல்.

பொது

முன்னோர் குறிமேற் புதுப்பொருள் ஏற்றிப்
பின்னோர் ஆளுதல் பணிமிகுப் பாகும்.

என்பது நூற்பா. நூற்பா அடியேனது, ஏடுகளில் தேட வேண்டாம்.

முன்னோர் என்றது யாரை எனின், கணக்கர்களை. + என்பதும் − என்பதும் 1489இல் லைப்சிக் நகரில் யோகானஸ் விட்மன் வெளியிட்ட வணிகக் கணக்கு நூலில் முதன்முதலாக அச்சேறின. அங்கே அவை பெரும்பாலும் மிகுதி, குறைவு என்னும் அடையாளங்களாகவே நின்றன. ‘கூட்டு’ என்னும் கட்டளை பின்னோர் ஏற்றியது. = என்பதை 1557இல் ராபர்ட் ரெக்கார்டு தந்தார். சமம் என்று அவர் சொன்னதை, ‘வலப்பக்கத்து மதிப்பை இடப்பக்கத்துப் பெயருக்குக் கொடு’ என்று 1957இல் ஃபோர்ட்ரான் மாற்றிக்கொண்டது. சி மொழியில் சமமா என்று பார்க்க வேண்டுமானால் == என்று இரண்டாகப் போட வேண்டியிருப்பது அந்த வழக்கத்தின் வினை. ஆக, குறிக்குப் புதுப்பொருள் ஏற்றுவது கெட்ட பழக்கமென்றால் அது கணினிக்கு முன்பே இருந்த கெட்ட பழக்கம்.

ஃபோர்ட்ரானில் இன்னொன்றும் உண்டு. முழு எண்களைக் கூட்ட இயந்திரத்துக்கு ஒரு கட்டளை. தசம எண்களைக் கூட்ட வேறொரு கட்டளை. நிரலில் இரண்டுக்கும் ஒரே +. எதை எடுப்பது என்று கம்பைலருக்கு எப்படித் தெரியும்? மாறியின் பெயரில் முதல் எழுத்தைப் பார்க்கும். ஐ, ஜே, கே, எல், எம், என் என்ற ஆறில் ஒன்றானால் முழு எண், மற்றதெல்லாம் தசம எண். முதலெழுத்தைப் பார்த்துப் புணர்ச்சியை முடிவு செய்வது நமக்குப் புதிதன்று. நம் வல்லினமும் ஆறே. தற்செயல் என்பார் உளர். உரைகாரனுக்குத் தற்செயல் என்று ஒன்று கிடையாது.

கம்பைலரிடம் மட்டும் இருந்த இவ்வுரிமையை நிரலருக்கும் தந்த பழைய மொழிகளில் அல்கால் 68 பெரிது. தானே குறி படைக்கலாம்; அதற்கு 1 முதல் 9 வரை முன்னுரிமையும் குறிக்கலாம். அதற்கு முந்தைய ஆண்டு, 1967இல், கோபன்ஹேகனில் விரிவுரை நடத்திய கிறிஸ்டபர் ஸ்ட்ரேச்சி பல்லுருவாக்கத்தை இரண்டாகப் பிரித்து, + போன்றவற்றை ‘அந்தந்த இடத்து ஏற்பாடு’ என்ற தாழ்ந்த வகையில் உட்காரவைத்தார். பொது விதி இல்லாததால் அந்த இடம். 1989இல் வாட்லரும் பிளாட்டும் அதற்கு ஒரு விதி கண்டார்கள். ஹாஸ்கெல் மொழியின் வகைக் குழுக்கள் அங்கிருந்து வந்தவை. அதைப் பற்றி இங்கே விரிக்கவில்லை. ஒழுங்காக நடப்பவர்களைப் பற்றி இலக்கணம் எழுதுவதில் சுவை குறைவு.

புகழும் பழியும் சேர்ந்து வந்தது சி++ மொழிக்கு. பெல் ஆய்வுக்கூடத்தில் பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் உருவாக்கி, 1983இல் இப்பெயர் பெற்றது. பெயரிலேயே ஒரு செயற்குறி நிற்பதைக் காண்க. பின்னொட்டாக வரும் ++ மாறியின் மதிப்பை ஒன்று கூட்டும். ஆனால் விடையாகத் திருப்பித் தருவது கூட்டுவதற்கு முந்தைய மதிப்பை. எனவே சி++ என்னும் கோவையின் மதிப்பு, இலக்கணப்படி, பழைய சி. இதைச் சொல்லிச் சிரிப்போர் சி நிரலர், சிரிக்காதோர் மற்றவர்.

இவற்றுக்கெல்லாம் எதிர்த்துறையில் ஓகேமல் மொழி இருக்கிறது. அங்கே முழு எண்ணுக்கு +, தசம எண்ணுக்குப் புள்ளி வைத்த +. என்று தனித்தனிக் குறி. ஒரு குறிக்கு ஒரே பொருள் என்ற கற்புநெறி. 2.5 உடன் 1 கூட்ட முடியாமல் முதல் நாளே அழுத மாணவர் பலர்.

நிலைமொழியும் வருமொழியும்

குறிக்கு இடப்பக்கம் நிற்பது நிலைமொழி, வலப்பக்கம் வருவது வருமொழி. பாடநூல் இவ்விரண்டையும் செயலேற்பி என்கிறது. இருவரில் யார் சொல் நடக்கும் என்பதே இத்துறையின் பாதிச் சண்டை.

சி++ மொழியில் கலப்பெண்ணுக்கு ஓர் இனக்குழு எழுதி, அதற்குள்ளேயே + செயற்கூறை உறுப்பாக வைத்தால் நிலைமொழிக்கே அதிகாரம். கலப்பெண் + 2 நடக்கும். 2 + கலப்பெண் நடக்காது. நிலைமொழியாக நிற்கும் 2 வெறும் முழு எண், அதற்கு உறுப்புச் செயற்கூறு ஏது? கணக்கில் இரண்டும் ஒன்று என்று சத்தியம் செய்தாலும் கம்பைலர் கேளாது. அதனால் + செயற்கூறை இனக்குழுவுக்கு வெளியே குடிவைத்து, தேவையானால் ‘நண்பன்’ என்று அனுமதிச் சீட்டு கொடுத்து, இரு பக்கத்தையும் சமமாகப் பார்க்கச் செய்வது மரபு.

பைத்தான் இதையே பஞ்சாயத்து முறையில் தீர்க்கிறது. முதலில் நிலைமொழியிடம் கேட்கும். அது ‘எனக்குத் தெரியாது’ என்று முறையாகக் கைவிரித்தால், வருமொழியிடம் போய் ‘நீ வலப்பக்கம் நின்றபடியே கூட்டுவாயா’ என்று கேட்கும். அதற்கென்றே தனிச் செயற்கூறு உண்டு. இருவரும் கைவிரித்தால்தான் பிழைச் செய்தி. விதிவிலக்கு ஒன்று: வருமொழி நிலைமொழியின் வாரிசு இனக்குழுவாக இருந்து, அந்த வலப்பக்கச் செயற்கூறைத் தானே திருத்தி எழுதியிருந்தால், முதலில் பிள்ளையைக் கேட்டுவிட்டே அப்பனைக் கேட்கும். குடும்பத்தில் நடப்பதுதான்.

விலக்கு

இல்லாக் குறியினைப் படைத்தலும் உள்ளதன்
வல்லமை வரிசையை மாற்றலும் இரண்டும்
ஒல்லா என்ப சி++ நூலோர்.

மொழியில் இல்லாத குறியைப் புதிதாகச் செய்ய முடியாது; இருக்கும் குறியின் முன்னுரிமையையும் அசைக்க முடியாது. ஒன்றை ஏற்கும் குறி இரண்டை ஏற்கவும் செய்யாது. செயலேற்பிகளில் ஒன்றாவது நிரலர் வகுத்த வகையாக இருக்க வேண்டும் என்பதால், 2 + 2 என்பதை ஐந்தாக்கும் அதிகாரமும் கிடையாது. அதிகாரம் கிடைத்திருந்தால் செய்திருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. உறுப்பைச் சுட்டும் புள்ளி, எல்லை காட்டும் ::, மூன்றை ஏற்கும் ?: ஆகியவற்றைத் தொடவே கூடாது.

முன்னுரிமை மாறாது என்பதன் கடுமை அடுக்குப் போட ஆசைப்படுவோருக்குத் தெரியும். ^ பார்ப்பதற்கு அடுக்குப் போலவே இருக்கிறது, எண்களுக்கு அது பிட்டுகளின் மேல் செய்யும் ஒரு செயல்தானே, நம் இனக்குழுவுக்கு அடுக்காக வைத்துக்கொள்வோம் என்று ஒருவர் எழுதுகிறார். அ ^ 2 + 1 என்று போடுகிறார். சி++ மொழியில் ^ என்பது +க்கும் கீழ்ப்பட்ட சாதி. எனவே முதலில் 2 + 1 நடந்து, அ மும்மடியாகிறது. சரி, ** போடலாமே என்றால், சி காலத்திலிருந்தே அ ** இ என்பதற்கு ‘இ சுட்டும் இடத்தில் உள்ளதோடு அவைப் பெருக்கு’ என்று பொருள் இருக்கிறது. வாசல் இரண்டும் அடைப்பு.

இந்த விலக்கு இல்லாத ஊர்களும் உண்டு. ஹாஸ்கெலில் புதுக்குறி படைத்து 0 முதல் 9 வரை முன்னுரிமை எழுதலாம். ஸ்கேலா மொழி குறியின் முதல் எழுத்தைப் பார்த்தே முன்னுரிமை தருகிறது. ஸ்மால்டாக் இன்னும் எளிது: இருபக்கமும் செயலேற்பி கொள்ளும் எல்லாக் குறியும் சமம், இடமிருந்து வலமாக வரிசையில் நில் என்கிறது. அங்கே 2 + 3 * 4 என்பது 20. இது தவறு என்று எல்லோருக்கும் தெரியும். ஸ்மால்டாக்கருக்கு மட்டும் இது சமத்துவம்.

இயல்பு

இனி வகை. புணர்ச்சி இயல்பும் விகாரமும் என இரண்டு. விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று. செயற்குறிக்கும் அவ்வாறே கொள்க. வாழை + மரம் = வாழைமரம் என்பதில் ஒன்றும் மாறவில்லை; அதுபோல் குறி தன் பழைய பொருளோடும் பழைய விதிகளோடும் புதிய வகையின் மேல் இறங்கினால் இயல்பு.

கலப்பெண், பின்னம், அணி, நூறு இலக்கமுள்ள பெரிய முழு எண் ஆகியவை இயல்புக்கு உதாரணம். கணக்கர் தாளில் எழுதியதை நிரலர் திரையில் எழுதுகிறார், அவ்வளவே. அணிகளைப் பெருக்கும்போது இடவலம் மாற்றினால் விடை மாறுமே, அது இயல்பா என்று வினவலாம். ஆம். 1843இல் ஹாமில்டன் நான்கு பகுதி எண்களைக் கண்டபோதே பெருக்கலுக்குப் பரிமாற்று விதி போய்விட்டது. நிரலர் அதில் புதிதாகப் பாவம் எதையும் செய்யவில்லை. பூர்வீக +ஐயும் முழுக்க நம்பவேண்டாம். தசம எண்களில் 0.1உம் 0.2உம் முதலில் கூட்டிப் பிறகு 0.3 கூட்டினால் ஒரு விடை, 0.2உம் 0.3உம் முதலில் கூட்டினால் கடைசி இலக்கத்தில் வேறொரு விடை. சேர்ப்பு விதியை உடைத்தது எவரும் ஓவர்லோடு செய்யாத, மொழியோடு பிறந்த +.

இயல்பை அறிய ஒரு சோதனை இருக்கிறது. இதற்கு யானைச் சோதனை என்று பெயரிடுகிறேன். யானை + குட்டி = யானைக்குட்டி. யானை + குதிரை = யானை குதிரை. நிலைமொழி ஒன்றே. வருமொழி இரண்டும் ககர வல்லினத்தில் தொடங்கும் விலங்குப் பெயர்களே. ஓரிடத்தில் ஒற்று மிகுந்தது, மற்றோரிடத்தில் மிகவில்லை. ஏன்? முன்னது யானையினது குட்டி என்னும் வேற்றுமை. பின்னது யானையும் குதிரையும் என்னும் உம்மைத்தொகை. விடையைத் தீர்மானித்தது இரு சொற்களும் அல்ல, அவற்றுக்கு இடையிலான உறவு. ஆனால் கம்பைலர் நிலைமொழியின் வகையையும் வருமொழியின் வகையையும் மட்டுமே பார்க்கும். உறவு என்ன என்று அது கேட்காது, கேட்கத் தெரியாது.

எனவே இரு பக்கத்து வகையும் தெரிந்தாலே உறவும் தெரிந்துவிடுமானால் குறி போதும். தெரியாதென்றால் குறி போதாது, பெயர் வேண்டும். இரண்டு வெக்டர்களுக்கு நடுவே * போட்டால் அது புள்ளிப் பெருக்கமா, குறுக்குப் பெருக்கமா? இரண்டும் வெக்டர் என்று தெரிந்தும் விடை தெரியவில்லை. உறுப்புக்கு உறுப்பு பெருக்கு என்று மூன்றாவது ஒருவர் வேறு நிற்கிறார். ‘புள்ளிப்பெருக்கு’ என்று ஒரு செயற்கூறு எழுதினால் பத்து எழுத்து கூடுதலாகத் தட்ட வேண்டும். அதைச் சோம்பி * போட்டவர்கள் கட்சி கட்டிச் சண்டையிட்டதற்குப் பைத்தானின் நம்பை நூலகமே சான்று. அங்கே சாதாரண அணியில் * உறுப்புக்கு உறுப்பு பெருக்கும். ‘மேட்ரிக்ஸ்’ என்ற வகையில் அதே * அணிப்பெருக்கம் செய்யும். செயற்கூறுக்குள் எந்த வகை வந்து நிற்கிறது என்று தெரியாமல் * வைத்தவர் கதி அதோகதி.

தோன்றல்

பூ + கொடி என்பதில் இல்லாத ஙகர ஒற்று பூங்கொடியில் முளைத்தது. எழுதாதது முளைப்பது தோன்றல்.

நம்பைச் சண்டையின் முடிவே இதற்கு முதல் உதாரணம். 2015இல் வந்த பைத்தான் 3.5 அணிப்பெருக்கத்துக்கென்றே @ என்ற குறியைத் தோற்றுவித்தது. விந்தை என்னவெனில் பைத்தானோடு கூடப்பிறந்த எந்த வகைக்கும் அக்குறி பயன்படாது. முழுக்க வெளியார் வந்து ஓவர்லோடு செய்துகொள்ளட்டும் என்றே நட்ட குறி. தர்மச் சத்திரம் கட்டுவோர் இக்காலத்திலும் உளர்.

இது நல்ல தோன்றல். கள்ளத் தோன்றலுக்குச் சி++ நூலகத்து ‘மேப்’ உதாரணம். அதில் பெயர்களும் அவற்றின் மதிப்புகளும் இருக்கும். சதுர அடைப்புக்குள் ஒரு பெயரைக் கொடுத்து, இதன் மதிப்பு என்ன என்று கேட்கிறோம். அப்பெயர் உள்ளே இல்லை. இல்லை என்று சொல்ல வேண்டாமா? சொல்லாது. அப்பெயரை அங்கேயே புதிதாகச் சேர்த்து, மதிப்புக்குச் சுழியம் போன்ற ஒன்றை வைத்து, அதை நம்மிடம் நீட்டும். பார்க்கப் போனவன் பதிவேட்டில் எழுதிவிட்டு வருகிறான். மாற்றக்கூடாது என்று முத்திரையிட்ட மேப்பில் இக்குறியைப் பயன்படுத்தக் கம்பைலர் விடாததற்கு இதுவே காரணம். காரணம் தெரியாமல் முத்திரையைக் கிழிப்பவரே அதிகம்.

பைத்தானிலும் ஒரு விசித்திரம் உண்டு. மாற்றக்கூடாத டியூப்பிள் ஒன்று, அதற்குள் மாற்றக்கூடிய பட்டியல் ஒன்று. அப்பட்டியலின் மேல் += போட்டு ஓர் உறுப்பைச் சேர்த்தால் பிழைச் செய்தி வரும். ஆனால் திறந்து பார்த்தால் உறுப்பு சேர்ந்திருக்கும். += முதலில் பட்டியலை அதன் இடத்திலேயே நீட்டிவிட்டு, பிறகு விடையை டியூப்பிளில் திரும்ப வைக்கப் போகிறது; வைக்கும்போதுதான் டியூப்பிள் தடுக்கிறது. வேலையும் நடந்தது, பிழையும் தோன்றியது. இதை நேர்முகத் தேர்வில் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு தண்டனை வேண்டியதில்லை.

திரிதல்

பொன் + குடம் என்பதில் னகரம் றகரமாய்த் திரிந்து பொற்குடம் ஆயிற்று. குறி தன் பழைய பொருளை விட்டு முற்றும் வேறொன்றாவது திரிதல். இவ்வியலின் வளமான நிலம் இது.

தலைமை உதாரணம் <<. சி மொழியில் இது பிட்டுகளை இடப்பக்கம் தள்ளும் குறி. சி++ கற்கும் பிள்ளை அதன் அப்பொருளை அறியுமுன்பே சிஅவுட் << என்று எழுதி, திரையில் வணக்கம் சொல்லிவிடுகிறது. பெரும்பாலானோருக்கு இதுவே முதல் செயற்குறி பணிமிகுப்பு. அவர்களுக்கு அது தெரியாது. வெளியீட்டுக்குச் செயற்கூறு வேண்டாம், குறியே வைக்கலாம் என்று யோசனை சொன்னவர் டக் மெக்கில்ராய். யூனிக்ஸில் ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொன்றின் வாயில் ஊற்றும் குழாயைத் தந்தவர் அவர். குறிகளில் ஓட்டத்தைக் கண்டவர் என்பதால் வியப்பில்லை.

எந்தக் குறி என்று தேடிய கதையை ஸ்ட்ரூஸ்ட்ரப்பே எழுதியிருக்கிறார். முதலில் = முன்னே வந்தது. ஆனால் அது வலமிருந்து இடமாகப் பிணையும் குறி; சிஅவுட் = அ = இ என்றால் இயை அவுக்குள் போட்டுவிட்டுத்தான் திரைப்பக்கமே திரும்பும். அடுத்து < குறியும் > குறியும். சிறிது, பெரிது என்னும் பொருள் மக்கள் மனத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்ததால் வாசிக்க முடியவில்லை. போதாக்குறைக்கு விசைப்பலகையில் < இருப்பது காற்புள்ளிக்கு மேலே. கை பழக்கத்தில் குறிக்குப் பதில் காற்புள்ளியைத் தட்டினார்கள், அதற்குக் கிடைத்த பிழைச் செய்திகள் எவருக்கும் புரியவில்லை. கடைசியில், யாரும் அவ்வளவாக நேசிக்காத << வேலைக்கு வந்தது. அம்பு போல இருந்தது. பழைய பொருள்மேல் மக்களுக்குப் பற்றுக் குறைவு. ஒரு குறி திரிவதற்கு இவ்விரண்டு தகுதியும் வேண்டும் என்று நான் விதி செய்கிறேன்: உருவம் புதுப்பொருளைக் காட்ட வேண்டும், பழம்பொருளை எவரும் அங்கே எதிர்பார்க்கக் கூடாது.

அம்பு திரிந்தது, முன்னுரிமை திரியவில்லை. << கூட்டலுக்குக் கீழே, ஒப்பீட்டுக்கு மேலே. அதனால் சிஅவுட் << அ + இ என்பது அழகாகக் கூட்டுத்தொகையைத் தரும். சிஅவுட் << அ == இ என்பது அவை அச்சிட்டுவிட்டு, மிஞ்சிய சிஅவுட் என்னும் ஓடையை இயோடு ஒப்பிடப் போய்க் கம்பைலரிடம் உதை வாங்கும். உதை வாங்கினால் நல்லது. நிபந்தனைக் குறியை அடைப்பின்றி வைத்து, தேர்ச்சியா என்பதைப் பொறுத்து ‘வெற்றி’ அல்லது ‘தோல்வி’ என அச்சிடச் சொன்னால், 1 என்றோ 0 என்றோ அச்சிட்டுவிட்டு, ஓடை நலமாக இருக்கிறதா என்று பார்த்து, ‘வெற்றி’ என்னும் சொல்லை எடுத்து யாரிடமும் காட்டாமல் கீழே போட்டுவிடும். உதையும் இல்லை.

மற்றத் திரிபுகளைச் சுருங்கச் சொல்லலாம். / என்னும் வகுத்தல் குறி கோப்புறையையும் கோப்பையும் இணைக்கும் குறியாகப் பைத்தானில் 2014இலும் சி++ தரத்தில் 2017இலும் திரிந்தது. முன்பே பாதைகளை அப்படித்தான் எழுதிவந்தோம் என்பதால் உறுத்தவில்லை. சி++20இல் ஆண்டு / மாதம் / நாள் என்று வகுத்தால் தேதி பிறக்கும். மீதி காணும் % பைத்தானில் சரத்துக்குள் மதிப்புகளைச் செருகும் குறியானது. இதற்கு உருவ ஒப்புமை, சரத்துக்குள்ளும் அதே % இருப்பது. பூஸ்ட் ஸ்பிரிட் என்னும் நூலகத்தில் >> என்றால் ‘இதன் பின் இது’, முன்னொட்டாக வரும் * என்றால் ‘எத்தனை முறையேனும்’. ஓர் இலக்கண விதித் தொகுதியையே சி++ கோவையாக எழுதிவிடலாம். பார்க்கப் பார்க்க வியப்பு. பிழைச் செய்தி வந்தால் பக்கம் பக்கமாக வரும்.

கெடுதல்

மரம் + வேர் என்பதில் மகரம் கெட்டது. குறி புதிய வீட்டுக்குப் போகும்போது தன்னோடிருந்த ஒரு பண்பைத் தொலைப்பது கெடுதல். திரிபைக் கண் காட்டிக்கொடுக்கும்; கெடுதலைக் காட்டாது. அதனால் இவ்வகையே கொடியது என்பது என் துணிபு.

சரங்களைச் சேர்க்கும் + பரிமாற்று விதியைக் கெடுத்தது. அது சிறு கெடுதல். ‘கண்’ணும் ‘ஆடி’யும் இடம் மாறினால் விடை மாறும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. && செய்வது அப்படியன்று. இயல்பான && இடப்பக்கம் பொய்யானால் வலப்பக்கத்தைத் தொடாது. சுட்டி வெறுமையாக இல்லையா, அப்படியானால் அது சுட்டும் பொருளைப் பார் என்று ஒரே வரியில் எழுதி நிரலர் நிம்மதியாகத் தூங்குவது இந்த நம்பிக்கையில். சி++ மொழியில் இக்குறியை ஓவர்லோடு செய்தால் அது வெறும் செயற்கூறு அழைப்பாகிவிடும். செயற்கூறுக்கு இரு பக்கத்து மதிப்பும் கணித்து முடித்தே கொடுக்க வேண்டும். காவல்காரன் உள்ளே போகாதே என்று சொல்வதற்குள் ஆள் உள்ளே போய்விட்டான். 2017இன் தரம் முதலில் இடம், பிறகு வலம் என்ற வரிசையை உறுதி செய்தது. நிறுத்தும் பண்பை மீட்டுத் தரவில்லை. பைத்தான் இதை அஞ்சியே தன் ‘அண்டு’, ‘ஆர்’ இரண்டையும் எவரும் தொட விடவில்லை. அதனால் அணிகளை வடிகட்டுவோர் பிட்டுக் குறிகளான & மற்றும் | ஆகியவற்றிடம் போனார்கள்; அவற்றின் முன்னுரிமை ஒப்பீட்டுக்கும் மேலானது என்பதால் எங்கு பார்த்தாலும் அடைப்புக்குறி.

கெடுதலின் உச்சம் ஆட்டோ-பாயிண்டர். 1998 தரத்தில் வந்த இவ்வகையில் அ = இ என்று எழுதினால் இயிடம் இருந்த சொத்து அவுக்குப் போகும்; இ வெறுங்கையோடு நிற்கும். நகல் எடுத்தால் மூலம் அழியும் எந்திரம். ‘வலப்பக்கம் அப்படியே இருக்கும்’ என்று = தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவந்த வாக்கு கெட்டது. இவற்றைப் பட்டியலில் போட்டு வரிசைப்படுத்தினால், வரிசைப்படுத்தும் செயற்கூறு ஒன்றைத் தற்காலிகமாக நகலெடுக்கும். எடுத்த கணத்தில் பட்டியலில் ஓர் இடம் காலி. 2011இல் இதைக் கைவிடச் சொல்லி, 2017இல் நூலகத்திலிருந்தே நீக்கினார்கள். பின்வந்த யுனீக்-பாயிண்டரில் சொத்து மாற்றத்தை வாய்விட்டுச் சொன்னால்தான் = இசையும்.

துறவு

இத்தனையும் கண்டு, குறியே வேண்டாம் என்றவர்கள் உண்டு. 1995இல் வந்த ஜாவாவில் இதைச் சேர்க்காதது பெரும்பாலும் தன் சொந்த விருப்பம், சி++ மொழியில் பலர் இதைச் சீரழித்ததைப் பார்த்துவிட்டேன் என்று ஜேம்ஸ் கோஸ்லிங் சொன்னார். நியாயம். ஆனால் துறவி தனக்கென்று ஒரு பால்பசு வைத்துக்கொண்டார்: சரங்களைச் சேர்க்க ஜாவாவில் + உண்டு. கம்பைலருக்கு ஆகும், குடிமக்களுக்கு ஆகாது. அதனால் பணக்கணக்குக்கு ஏற்ற பிக்-டெசிமல் வகையில் விலை * அளவு + வரி என்பதை விலை.பெருக்கு(அளவு).கூட்டு(வரி) என்ற பாணியில் எழுதுகிறார்கள். வங்கி மென்பொருளில் வட்டிச் சூத்திரத்தை இப்படி நாற்பது வரியில் வாசித்தவர், ஓவர்லோடிங் தீங்கென்று என்னிடம் வந்து வாதாட மாட்டார். 2009இல் வெளிவந்த கோ மொழியும் இதே மடத்தைச் சேர்ந்தது; பால்பசு உட்பட.

புறனடை

சொல்லாது விட்டவற்றையும் சொன்னவற்றுக்கு அடங்காதவற்றையும் இங்கே அடக்குவது மரபு. அடங்காத ஒன்றே ஒன்று இருக்கிறது: குறியே இல்லாத குறி.

1998 ஏப்ரலில், ஓவர்லோடு என்றே பெயர் கொண்ட ஓர் இதழில், ஸ்ட்ரூஸ்ட்ரப் ஒரு கட்டுரை எழுதினார். சொற்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தையும் ஓவர்லோடு செய்ய விடலாம் என்பது அதன் முன்மொழிவு. கணக்கர் இரு பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் பெருக்கல் அல்லவா? அதே வசதி நிரலருக்கும் வேண்டாமா? அடுத்து, வெற்றிடம் இல்லாமையையும் ஓவர்லோடு செய்யலாம். அதற்குத் தடையாக நிற்பவை ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துள்ள பெயர்கள். ஆகவே மாறிப் பெயர் ஓரெழுத்தாகவே இருக்கட்டும், எழுத்துக்குப் பஞ்சமா, யூனிகோடு இருக்கிறதே என்று போகிறது கட்டுரை. ஏப்ரல் முதல் நாள் விளையாட்டு.

தமிழ் நிரலர் இதைக் கேட்டு மகிழ்ந்திருக்கலாம். நம்மிடம் 247 எழுத்து. ஆனால் யூனிகோடில் ‘கா’ என்பது ககரம் ஒன்று, துணைக்கால் ஒன்று என இரண்டு குறியீடுகள். முன்மொழிவு சட்டமாகியிருந்தால் ‘கா’ என்று ஒரு மாறிக்குப் பெயர் வைத்தவுடன், கம்பைலர் அதைக் ககரத்தைத் துணைக்காலால் பெருக்கு என்று படித்திருக்கும்.

விளையாட்டு என்றேன். ஆனால் அதே பெல் ஆய்வுக்கூடத்தில், இருபது ஆண்டுக்கும் முன்பு, 1977இல் பிறந்த ஆக் மொழியில் இரு சரங்களைச் சேர்க்கக் குறியே கிடையாது. பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் சேர்ந்துகொள்ளும். −12, மேற்கோளுக்குள் ஒரு வெற்றிடம், −24 என்று மூன்றையும் வரிசையாக எழுதி அச்சிடச் சொன்னால், நடுவே இடம் விட்டு இரண்டு எண்கள் வரும் என்று எதிர்பார்ப்போம். வருவது −12−24. இரண்டாவது − தன்னை எதிர்க்குறியாக நினைக்காமல் கழித்தல் குறியாக நினைத்து, இடப்பக்கத்தில் நிலைமொழி தேடுகிறது. அங்கே மேற்கோளுக்குள் வெற்றிடம் நிற்கிறது. வெற்றிடத்தின் எண் மதிப்பு சுழியம். சுழியத்தில் 24 போனால் −24. சேர்த்தலுக்கு முன்னுரிமை அதன் பின்னரே.